பாதியில் நின்ற பி.காம்.

கேள்வி: சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 40. 2002இல் பி.காம். சேர்ந்தேன். மூன்றாம் ஆண்டில் தை மாதம் கல்யாணம் ஆகிவிட்டது. ஆறாவது செமஸ்டர் எழுதவே இல்லை. அதற்கு முன்பே காஸ்ட் அக்கவுண்டிங் அரியராக நின்றது. இந்த அச்சகத்தில் 11 வருடமாக டேலி முழுக்க நான்தான். ஜி.எஸ்.டி. வந்தபோது ஆடிட்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து கற்றுக்கொண்டு வந்ததும் நான்தான். போன வருடம் புதிதாக ஒரு பையனைச் சேர்த்தார்கள். அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தேன். டிகிரி இருப்பதால் அவனுக்கு என்னைவிட 4,000 ரூபாய் கூட. என் மகன் அரசுப் பள்ளியில் காமர்ஸ் குரூப் எடுத்து +2 முடித்திருக்கிறான். கல்லூரி வேண்டாம், டெலிவரி வேலைக்குப் போகிறேன், மாதம் 18,000 வரும் என்கிறான். "நீ காலேஜ் போய் என்னம்மா ஆச்சு?" என்று கேட்கிறான். மகளும் அரசுப் பள்ளிதான், ஒன்பதாவது படிக்கிறாள். கணவர் பத்தாவது வரை படித்தவர். இந்த வயதில் நான் பட்டம் முடிக்க முடியுமா? நான் முடித்தால் பிள்ளைகளுக்கு முதல் பட்டதாரி சலுகை போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வது உண்மையா? மகனை வற்புறுத்திச் சேர்க்கலாமா?

- ஒரு வாசகி, சிவகாசி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்ட கேள்வி உங்களை எவ்வளவு குத்தியிருக்கும் என்று தெரிகிறது. ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அம்மா கல்லூரிக்குப் போனாள், கையில் ஒன்றும் வரவில்லை. அவன் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். ஐந்து செமஸ்டர் நீங்கள் எழுதித் தேறிய தாள்கள் ஏதோ ஒரு பதிவேட்டில் இன்னும் இருக்கின்றன என்பது அவனுக்குத் தெரியாது. அவற்றைப் பட்டமாக்க விட்டுப்போனது ஒரு செமஸ்டரும் ஒரு தாளும் என்பதும் தெரியாது.

நான் அரசு கலைக் கல்லூரியில் 27 ஆண்டுகள் வணிகவியல் நடத்தியவன். கடைசி ஆறு ஆண்டுகள் தேர்வு வேலையும் என்னிடம் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பச்சை நிற இரும்பு பீரோ உண்டு. அதன் கீழ்த்தட்டு முழுக்க யாரும் வந்து வாங்கிப் போகாத டி.சி.க்களும் மார்க் ஷீட்டுகளும் இருந்தன. ஒருமுறை வெள்ளையடிப்பதற்காக அதைக் காலி செய்தபோது கட்டுக்கட்டாகத் தரையில் பரப்பிப் பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகளுடையவை. ஒவ்வொன்றாகப் புரட்டினால் ஒரே கதைதான். நான்கு செமஸ்டர் சுத்தமாக இருக்கும், ஐந்தாவதில் ஒரு தாள் போயிருக்கும், ஆறாவதில் ஆப்சென்ட். படிப்பு வராமல் போனவர்கள் அந்தக் கட்டில் மிகக் குறைவு. கல்யாணம், அப்பாவின் சாவு, பிரசவம், தேர்வுக் கட்டணம் கட்டும் தேதி தவறியது, இப்படித்தான் நின்றிருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் காகிதங்களைத் திரும்பக் கட்டி வைக்க எனக்கு மனசே வரவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பிரச்சினை உங்கள் வீட்டோடு முடிவதில்லை. உயர்கல்வியில் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது என்று அடிக்கடி கேட்கிறோம். அது உண்மைதான். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. பெரிய மாநிலங்களில் நமக்குத்தான் முதலிடம். இதற்குப் பின்னால் ஊர் ஊராகத் திறந்த கல்லூரிகளும், சத்துணவில் தொடங்கிப் பல தலைமுறை உழைப்பும் இருக்கின்றன. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் 18 முதல் 23 வயதுக்காரர்களின் தொகைக்கு எதிரே கல்லூரியில் பெயர் பதிந்திருப்பவர்களை எண்ணுவது. பட்டத்தோடு வெளியே வந்தவர்களை அது எண்ணுவதில்லை. நீங்களும் ஒரு காலத்தில் அப்படி ஒரு சேர்க்கைக் கணக்கில் இருந்தவர்தான். நின்றபோது உங்களை யாரும் தேடி வரவில்லை. +2 முடித்துக் கல்லூரியில் சேராமல் இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க இன்று 'உயர்வுக்குப் படி' என்று அரசு முகாம் நடத்துகிறது, அது நல்ல வேலை. கல்லூரிக்குள் வந்து நடுவில் நின்றவர்களையும் அதே அக்கறையோடு தேட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

செய்ய முடியாத காரியம் இல்லை இது. அமெரிக்காவில் டென்னசி என்றொரு மாநிலம். 2013இல் அதன் ஆளுநர் பில் ஹாஸ்லம் ஓர் இலக்கு வைத்தார்: 2025க்குள் மாநில மக்களில் 55 சதவீதம் பேரிடம் பட்டமோ, பள்ளிக்கு மேற்பட்ட ஒரு சான்றிதழோ இருக்க வேண்டும். இலக்கை அப்படி வைத்ததும், பள்ளி முடித்து வரும் பிள்ளைகளை மட்டும் வைத்து அதை எட்ட முடியாது என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2015 முதல், பள்ளி முடித்தவுடன் வருபவர்களுக்கு இரண்டாண்டுக் கல்லூரியில் மற்ற உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணத்தை மாநிலமே ஏற்றது. கூடவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழிகாட்டி. 2018இல் அதே கதவை, பட்டம் இல்லாத பெரியவர்களுக்கும் திறந்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே பகுதி நேரமாகப் படித்தாலும் போதும். நாற்பது வயதுக்காரரையும் பதினெட்டு வயதுக்காரரையும் ஒரே இலக்குக்குள் வைத்துப் பார்த்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. உங்கள் கடிதத்திலும் அந்த இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய பட்டத்தையே முடிக்க முடியுமா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இங்கே ஒரு சின்ன விவரம் முக்கியம். உங்கள் கல்லூரி நீங்கள் படித்த காலத்தில் தன்னாட்சிக் கல்லூரியா, இல்லையா? தன்னாட்சி என்றால் தேர்வு நடத்தியது கல்லூரியே, உங்கள் மதிப்பெண் பதிவேடு அங்கிருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் இருக்கும். இல்லையென்றால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவுக்குப் போக வேண்டும். இது தெரியாமல் இரண்டு இடத்துக்கும் அலைந்து வெறுத்துப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போனில் கேட்காதீர்கள். பதிவு எண்ணோடு நேரில் போய், எழுத்தில் மனு கொடுத்து, "எனக்கு நிலுவையில் உள்ள தாள்கள் எவை, எழுத வாய்ப்பு உண்டா" என்று கேளுங்கள்.

வாய்ப்பு எவ்வளவு என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் பல்கலைக்கழக மானியக் குழுவின் பொதுவான வரையறை. அதைத் தாண்டியவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு அரியர் வாய்ப்பு அறிவிக்கும். அப்படி அறிவித்தால் காஸ்ட் அக்கவுண்டிங் மாதிரி தேறாத தாள்களுக்கு வழி பிறக்கலாம். ஆனால் ஆறாவது செமஸ்டரை நீங்கள் வகுப்பில் இருந்தே முடிக்கவில்லை. அதற்கு மறுசேர்க்கை வேண்டும், பழைய பாடத்திட்டம் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. 20 ஆண்டுகளுக்குப் பிறகு அது கிடைப்பது கடினம். கேட்டுப் பாருங்கள், ஆனால் அதையே நம்பி ஒரு வருடத்தைக் கழிக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. கல்லூரிக்குப் போகும்போது உங்கள் அசல் +2 மார்க் ஷீட்டும் டி.சி.யும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சேர்க்கையின்போது கல்லூரியில் கொடுத்தது, திரும்ப வாங்காமல் விட்டிருப்பீர்கள். நான் சொன்ன பீரோ போல ஒன்றில் அவை உங்களுக்காகக் காத்திருக்கலாம். புதிதாகச் சேரவும் அந்த மார்க் ஷீட் வேண்டும். தொலைந்திருந்தால் அரசுத் தேர்வுகள் துறையில் விண்ணப்பித்து நகல் வாங்கலாம், கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

பழையது நடக்காவிட்டால் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். புதிதாகச் சேருங்கள். 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1985 முதல் நடக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டிலும் தமிழ்நாடு முழுக்கக் கற்போர் மையங்கள் உண்டு. கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மூன்று ஆண்டுப் படிப்பை முடிக்க இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டு வரை அவகாசம். முறையான அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்கு இணையானது என்று மானியக் குழு 2022இல் அறிவித்திருக்கிறது. உங்கள் முதலாளியிடம் அதைத் தைரியமாகச் சொல்லலாம். முன்பு எழுதிய தாள்களுக்கு விலக்கு தருவார்களா என்று சேரும்போதே கேளுங்கள். தேறிய பாடங்களின் கணக்கைச் சேர்த்து வைக்கும் கல்விக் கிரெடிட் வங்கி என்று ஒன்று 2021இல் வந்தது. உங்கள் காலத்து மதிப்பெண்கள் அதில் ஏறியிருக்காது. அதனால் விலக்கு கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம்.

இப்போது நான் இப்படி ஒரு கற்போர் மையத்தில்தான் விடுமுறை நாள் வகுப்பு எடுக்கிறேன். சேர வருபவர்களைத் தடுமாற வைப்பது பாடம் இல்லை, பெயர். சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர். சேர்க்கைக்கு இப்போது மானியக் குழுவின் இணையதளத்தில் ஓர் அடையாள எண் எடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு ஆதார் வழியே போக வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். போன வருடம் ஓர் அங்கன்வாடிப் பணியாளர், 46 வயது, இந்த ஒரு எழுத்துக்காகச் சேர்க்கையின் கடைசி நாளைத் தவறவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதார். அடுத்த பருவத்தில் சேர்ந்துவிட்டார், இப்போது நன்றாகப் படிக்கிறார். நீங்கள் இந்த வாரமே ஆதாரையும் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. "ஒரே வருடத்தில் டிகிரி", "பழைய தேதி போட்டுத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் போய்விடாதீர்கள். பணமும் போகும், பேரும் கெடும். +2 முடிக்காமலே பட்டம் என்று சொல்பவர்களிடமும் உங்கள் கணவரை அழைத்துப் போகாதீர்கள். பத்து, +2, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழ்நாடு அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லும். 2009இலேயே அரசாணை வந்துவிட்டது. அவருக்குப் படிக்க ஆசை இருந்தால் தனித்தேர்வராக +2 எழுதுவதிலிருந்து தொடங்கலாம்.

நேரம் எப்படிக் கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சேர்ந்த மறுநாள் கேட்பீர்கள். உங்கள் ஊரில் ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டதும் ஆர்டர் குவியத் தொடங்கும், டிசம்பர் வரை தலை நிமிர முடியாது. திறந்தநிலைத் தேர்வுகள் பெரும்பாலும் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். அதனால் டிசம்பரில் ஒன்றிரண்டு தாள் மட்டும் எழுதுங்கள், கணக்குத் தாள் எதையும் அப்போது வைக்காதீர்கள். மற்றதை ஜூனுக்குத் தள்ளுங்கள். 100 மதிப்பெண்ணில் வழக்கமாக 30 அசைன்மென்ட்டுக்குப் போகிறது. அதை ஞாயிற்றுக்கிழமைகளில் கையால் எழுதி முடித்துவிடலாம். டேலியில் 11 வருடம் உழைத்தவருக்கு ஃபைனான்சியல் அக்கவுண்டிங் தாள் பயமுறுத்தாது. ஆங்கிலத் தாளுக்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். பட்டத்தோடு சம்பளம் மட்டும் கூடுவதில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வில் பல பதவிகளுக்கு பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. பிரிவினருக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. 43 வயதில் அந்தக் கதவும் உங்களுக்குத் திறந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 2010இல் தொடங்கிய முதல் பட்டதாரி சலுகை, கலந்தாய்வு வழியாக இன்ஜினியரிங், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பில் சேர்பவர்களுக்கு டியூஷன் கட்டணத்தில் தருவது. பி.காம். சேரும் மகனுக்கு அது எப்படியும் பொருந்தாது. சான்றிதழ் கேட்கும் நாளில் குடும்பத்தில் பட்டதாரி யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். உங்கள் மகள் +2 முடிக்கும்போது நீங்கள் பட்டதாரி ஆகியிருந்தால் அவளுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது, அது சரி. ஆனால் யோசித்துப் பாருங்கள், மகன் பி.காம். முடித்திருந்தாலும் கிடைக்காதுதான். அதற்காக அவனைப் படிக்காதே என்று யாராவது சொல்வார்களா? அம்மாவுக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு? தவிர, அவள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். தாலிக்குத் தங்கம் கொடுத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம்தான் 2022இல் இப்படிப் பெண்களின் படிப்புக்குத் திரும்பியது. உங்கள் காலத்தில் அது திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

மகன் விஷயம். வற்புறுத்திச் சேர்க்காதீர்கள். வற்புறுத்திச் சேர்த்த பையன்கள் முதல் செமஸ்டரிலேயே வருகைப் பதிவில் தெரிந்துவிடுவார்கள். அவன் சொல்லும் 18,000 ரூபாயைக் கணக்கெழுதுபவராகவே அவனோடு உட்கார்ந்து பாருங்கள். ஏற்கனவே அந்த வேலையில் இருக்கும் அவன் நண்பனை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு மாதக் கணக்கை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெட்ரோல், வண்டித் தவணை, சர்வீஸ், போன், மழையில் போகாத நாள், எல்லாவற்றையும். கடைசி வரியில் மிஞ்சுவதை அவனே கூட்டட்டும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பிறகு இன்னொரு பக்கத்தில் இதை எழுதுங்கள். சிவகாசியிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அவனும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், வருடத்துக்கு 12,000. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும், வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்திருக்க வேண்டும். (இந்தத் தொகை தொலைநிலையில் படிப்பவர்களுக்குக் கிடையாது. அதனால் "நானும் உன்னோடு கரஸ்ஸில் படிக்கிறேன்" என்று அவன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 18 வயதில் வகுப்பறையும் நண்பர்களும் வேண்டும்.) பல அரசுக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்டு உண்டு, காலை ஷிப்டு மதியத்தோடு விட்டுவிடும். சாயங்காலம் நான்கு மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே நன்றாகத் தேறிய பையன்கள் என் வகுப்பில் ஆண்டுதோறும் இருந்தார்கள். அவன் சம்பாதிக்க வேண்டும் என்று நினைப்பது நல்ல குணம், அதை மட்டம் தட்டாதீர்கள். வேலையை விடச் சொல்லாமல், முதலில் படிப்பு, அதோடு வேலை என்று வரிசையை மட்டும் மாற்றிக் கேளுங்கள்.

சேர்ந்துவிட்டால் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், வருகைப் பதிவு. 75 சதவீதம் வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 22 நாளுக்கு மேல் விட முடியாது. தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதத்தில்தான் உங்கள் பக்கத்துப் பையன்கள் அந்த 22 நாளையும் ஒரே மூச்சில் தீர்ப்பார்கள். பட்டாசுக் கடை, பார்சல் ஆபீஸ், அச்சகம் எல்லாம் அப்போது ஆள் தேடும், நாள் கூலியும் கூடும். அடுத்த மாதமே செமஸ்டர் தேர்வு. தேர்வுக் கட்டணத் தேதி அந்தக் கூட்டத்தில் மறந்துபோகும். ஒரு செமஸ்டர் ஹால் டிக்கெட் வராமல் போனால் அந்தப் பையன் தைப்பொங்கலுக்குப் பிறகு வகுப்புக்கே வர மாட்டான். இதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். உங்கள் அச்சக டேபிள் காலண்டரில் அவனுடைய தேர்வுக் கட்டணக் கடைசித் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள். பக்கத்திலேயே உங்களுடையதையும்.

இப்போது செய்ய வேண்டியது: ஆடி பிறக்கும் முன் ஒரு நாள் லீவு போடுங்கள். பழைய மார்க் ஷீட்டுகள், கையில் இருக்கும் ஏதாவது ஒரு ஹால் டிக்கெட், ஆதார், இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மகனை வண்டி ஓட்டச் சொல்லிக் கல்லூரிக்கு அவனோடே போங்கள். கவுண்டரில் உங்கள் பதிவேட்டைத் திறந்து காட்டும்போது அவன் பக்கத்தில் நிற்கட்டும். அங்கே என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, எந்தப் பல்கலைக்கழகம், முதல் ஆண்டில் எந்தத் தாளை எப்போது எழுதுவது என்று சேர்ந்தே முடிவு செய்யலாம்.